மரத்தின் பெயரும் மில்லிமீட்டரும்

கிட்டாரின் ஆறு தந்திகளில் தடித்த இரண்டைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவதுதான் பாரிடோன் உகுலேலேயின் சுருதி: டி, ஜி, பி, ஈ. ஹெர்ட்ஸ் கணக்கில் 147, 196, 247, 330. உகுலேலே என்றதும் நினைவுக்கு வருகிற கிணுகிணு ஓசை இதில் கிடையாது. ஆண்குரலோடு ஒத்துப்போகிற அடங்கிய தொண்டை. வழக்கமான நான்கு அளவுகளில் உருவத்தில் பெரியது இதுவே, வயதில் இளையதும் இதுவே.

1879 ஆகஸ்டில், மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவந்த ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுவில் வந்து நின்றது. அதில் வந்த மானுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்கள் தங்கள் ஊர்ச் சிறு வாத்தியத்தை ஹவாயில் விளைந்த கோவா மரத்தில் செய்துபார்க்க, உகுலேலே உருவாயிற்று. பாரிடோன் வந்தது 1940களின் கடைசியில், அமெரிக்காவில். யார் முதலில் செய்தது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. நைலான் தந்தி புழக்கத்துக்கு வந்ததும் அதே பத்தாண்டில்தான்: போரால் குடல்நரம்புக்குத் தட்டுப்பாடு வர, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் கிட்டார்த் தந்தி செய்யத் தொடங்கினார். பாரிடோனுக்கு அது நல்ல காலம்.

இந்த அத்தியாயத்தின் கேள்வி சிறியது. 10,000 ரூபாய்க்கு மேல், 25,000-க்குள் ஒரு பாரிடோன் உகுலேலே கைக்கு வருகிறது. அது தேறுமா, தேறாதா? கேள்வியைத் திருவிடந்தையில் வைத்துக் கேட்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டியதும் வரும் ஊர். வரன் அமையாதவர்கள் மாலையும் கையுமாக நித்யகல்யாணப் பெருமாள் கோயிலைச் சுற்றிவர வருவார்கள். கல்யாணம் ஆகவேண்டியவர்களுக்கு நல்ல ஊர். மரத்தில் செய்த வாத்தியங்களுக்கு அவ்வளவு நல்ல ஊர் இல்லை. கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைக்காரரும் பெட்டியும் முதலில் சொல்வது மரத்தின் பெயர். மஹோகனி, அகேசியா, கோவா, ஸ்புரூஸ். பின்னால் ‘ஆல் சாலிட்’, ‘சாலிட் டாப்’ என்று ஒரு வால். பெட்டியில் எழுதாத சமாச்சாரம் இரண்டு: மில்லிமீட்டர், ஈரம். இந்த விலையில் ஒரு வாத்தியம் தேறுவதும் தவறுவதும் அந்த இரண்டில்தான் என்பது என் கட்சி.

முதலில் தந்தி. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் எழுதிவைத்த விதி இன்றும் அப்படியே நிற்கிறது. தந்தியின் நீளத்தை இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். இழுவிசையை நான்கு மடங்காக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும். மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனத்தை நான்கு மடங்காக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். பாரிடோனில் அதிரும் நீளம் ஏறக்குறைய 51 செ.மீ., சிலவற்றில் இரண்டு மூன்று செ.மீ. குறைவு. 0.7 மி.மீ. தடிமனுள்ள நைலானை ஈ தந்தியாகக் கட்டினால் அதை 5 கிலோ அளவில் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதே இழுவிசையில் அதே நைலானால் டி தந்தி வேண்டுமென்றால் தடிமன் 1.6 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு தடித்த நைலான் தந்தியாக நடந்துகொள்ளாது, பாதி கம்பியாக விறைத்துக்கொள்ளும், அதன் மேல்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற ஒழுங்கை விட்டு மேலே நழுவும், நாதம் மழுங்கும். அதனால்தான் டி தந்திக்கு, சில செட்டுகளில் ஜி தந்திக்கும், மெல்லிய இழைகளின் மேல் உலோகச் சுருள் சுற்றியிருக்கும். விறைப்பு கூடாமல் கனம் மட்டும் கூட்டுகிற தந்திரம் அது.

நான்கையும் கூட்டினால் 20 கிலோ சொச்சம். இரும்புத் தந்திக் கிட்டாரில் இது 70 கிலோவைத் தொடும். ஆகவே உகுலேலேயின் மேல்பலகை மெல்லியதாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தொழிற்சாலைகளுக்கு இதில் ஒரு பயம் உண்டு. பலகை வெடித்தால் பொருள் திரும்பி வரும். மந்தமாக ஒலித்தால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எனவே தடியாகவே செய்துவிடுகிறார்கள். நடுத்தர விலை வாத்தியத்தின் பொதுக்குறை இது. கையில் எடுத்ததும் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடையில் போட்டிருக்கும் தந்தியை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். மாற்றும் செலவு வாத்தியத்தின் விலைக்கு முன்னால் அற்பம். மாற்றும்போது கடற்கரைக்காரர்கள் ஃப்ளோரோகார்பன் பக்கம் போவது நல்லது. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் நெகிழும், சுருதி அலையும். ஃப்ளோரோகார்பன் அநேகமாக ஈரமே உறிஞ்சாது. நைலானைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி என்பதால் அதே சுருதிக்கு ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த தந்தி போதும். மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு இதே பொருளில் செய்யப்படுகிறது என்பதைக் கோவளம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மெட்டுகள். யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு வேண்டும். மெட்டு வைத்த வாத்தியத்தில் நான்கே தந்தி, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை ஸ்தாயி. இந்த வசதிக்கு விலை, மெட்டு நிற்க வேண்டிய இடத்தில் நின்றாக வேண்டும். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்கின்றன. வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால், மேளம் கட்டத் தெரிந்தவர் வந்து காதால் கேட்டு ஒவ்வொன்றாக நகர்த்தி வைப்பார். உகுலேலேயின் மெட்டு மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அறையப்பட்டது, தவறினால் தவறியதுதான்.

எங்கே வெட்டுவது என்பது ஒற்றை எண்ணில் அடங்கிய கணக்கு. ஒரு மெட்டுக்கும் அடுத்ததற்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு கூட வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2. நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். 510 மி.மீ. தந்திக்கு அது 28.6 மி.மீ. மிச்சமிருக்கும் நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது மெட்டு 255-இல், நட்ட நடுவில் விழும். கணினி ஓட்டும் வெட்டுயந்திரம் வந்தபின் இந்தக் கணக்கு மலிவு வாத்தியத்தில்கூட அநேகமாகப் பிசகுவதில்லை. ஒரு அடிக்கோலால் பன்னிரண்டாவது மெட்டை மட்டும் சரிபார்த்துவிட்டு நகரலாம்.

பிசகு மெட்டின் இடத்தில் இருப்பது அபூர்வம். அதன் உயரத்திலும் தந்தியின் இரண்டு முனைகளிலும்தான் அடிக்கடி இருக்கிறது. ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தை அடுத்தடுத்த மூன்று மெட்டுகளின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு மெட்டு துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய மெட்டில் அழுத்தி மீட்டும்போது தந்தி அங்கே உரசி இரையும். அடுத்து, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழைதான் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் தலைப்பக்கத்து நட்டில் பள்ளம் ஆழமாக அறுக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாத்தியத்தில் முதல் மெட்டில் பிடிக்கும் சுரமெல்லாம் ஏறி ஒலிக்கும். தந்தியைக் கீழே தள்ளும்போது அது நீள்கிறது, இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. தொடக்கநிலையில் கற்கிறவர் பிடிப்பதெல்லாம் முதல் மூன்று மெட்டுகளில். பிள்ளைக்குச் சுருதிஞானம் இல்லை என்று வீட்டில் பேச்சு எழும்; குற்றம் கால் மில்லிமீட்டர் எலும்புத் துண்டில் இருக்கும்.

மறுமுனையில், பிரிட்ஜின் மேல் நிற்கும் வெள்ளைச் சாடில். பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர்மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மேல் ஸ்தாயிச் சுரம் மணிபோல எழும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். செல்போனில் டியூனர் செயலி அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பிரித்துக் காட்டும். 5 சென்ட்டுக்குள் வித்தியாசம் என்றால் காது பொறுத்துக்கொள்ளும். அழுத்திய சுரம் 10, 15 சென்ட் ஏறியிருந்தால் சாடில் இன்னும் பின்னால் நின்றிருக்க வேண்டும். சாடிலின் மேல்முனையைச் சீவி ஓரளவு சரிசெய்யலாம். பிரிட்ஜே தவறிய இடத்தில் ஒட்டப்பட்டிருந்தால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லாம் சரியாக இருக்கிற பாரிடோனில்கூட ஜி, பி தந்திகளைச் சேர்த்து மீட்டினால் உறுத்தும். ஜி ஷட்ஜம் என்றால் பி அந்தர காந்தாரம். தம்புராவில் தானாக எழுகிற காந்தாரம் 5-க்கு 4 என்ற விகிதத்தில் நிற்கும். சம அளவில் பிரித்த பன்னிரண்டு சுரத்தில் அது 14 சென்ட் மேலே போய்விடுகிறது. ஜி-யின் ஐந்தாவது மேல்சுரம் 980 ஹெர்ட்ஸ், பி-யின் நான்காவது 988. இரண்டும் மோதி விநாடிக்கு எட்டு முறை ஒலி ஏறி இறங்கும். இதைக் குறை என்று எண்ணி பி தந்தியை இறக்கி ‘சுத்தமாக’ வைத்தால் அந்தக் கணத்துக்கு இனிக்கும். அடுத்த கார்டு பிடித்ததும் வேறோரிடத்தில் குத்தும். அந்த எட்டுத் துடிப்பு, சம அளவில் மெட்டு பதித்த வாத்தியங்கள் எல்லாம் செய்துகொண்ட சமரசம். 25,000 கொடுத்தாலும் இரண்டு லட்சம் கொடுத்தாலும் அது போகாது.

கமகமும் இதில் வீணையைப் போல வராது. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது சுருதி எவ்வளவு ஏறும் என்பது, தந்தி ஏற்கெனவே எவ்வளவு இறுகியிருக்கிறது, நீட்டினால் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்ற இரண்டின் விகிதம். நைலானில் அந்த விகிதம் எஃகுத் தந்தியில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கமகத்துக்கு இது தரித்திரம். ஆனால் விரல் அழுத்தத்தில் தடுமாறுகிற புதியவருக்கு இதே தயவு.

தந்தியை எங்கே மீட்டுகிறோம் என்பதிலும் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை மேல்சுரங்கள் எழாது. ஒலி குடைவாக, குழல்போல இருக்கும். மீட்டிய புள்ளியில் எந்த மேல்சுரத்துக்கு அசைவில்லையோ அது பிறக்காது என்பது தாமஸ் யங் சொன்ன விதி. இந்த விதி வீணையிலும் தம்புராவிலும் செல்லவில்லை என்று 1920களின் தொடக்கத்தில் எழுதியவர் சி.வி.ராமன். ஒளிச்சிதறலுக்குப் போகும் முன் அவர் பிடில், மிருதங்கம், வீணை என்று வாத்தியங்களோடுதான் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தம்புராவின் குதிரை அகலமானது, மேற்பரப்பு மெல்ல வளைந்தது. அதிரும் தந்தி ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் படிந்து படிந்து விலகுகிறது. அதனால் எழக்கூடாத மேல்சுரங்களும் எழுகின்றன. இடையில் நூல் செருகி நாம் தேடுகிற ஜீவா அதுதான்.

உகுலேலேயின் சாடில் அதற்கு நேரெதிர். தந்தி ஒரே விளிம்பில் நின்று சட்டென்று இறங்க வேண்டும். சாடிலின் தலை தட்டையாக விடப்பட்டிருந்தால் தந்தி அதன்மேல் படபடக்கும், சிதார் சாயலில் ஒரு ரீங்காரம் வரும். தம்புராவுக்கு உயிர் கொடுப்பது இங்கே தயாரிப்புக் கோளாறு. திறந்த தந்தியை மட்டும் மீட்டும்போது இரைச்சல், மெட்டில் அழுத்தினால் இல்லை என்றால் நட்டைப் பாருங்கள். எங்கே அழுத்தினாலும் அந்த ஒரு தந்தி மட்டும் இரைந்தால் சாடிலைப் பாருங்கள். இரண்டும் அரைமணி அரவேலை.

இனி வயிறு. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் துளைவழியே போய்வரும் காற்றும் சேர்ந்து ஒரு சுருதியில் ஊசலாடும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு. கொள்ளளவு 5 லிட்டர், துளையின் விட்டம் 6.5 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் 185 ஹெர்ட்ஸ் அளவில் விடை வருகிறது. பலகை விறைத்த சுவராக இல்லாமல் தானும் அசைவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். இதை அளக்கக் கருவி வேண்டாம். துளைக்கு அருகில் வாயை வைத்து ‘ம்ம்ம்’ என்று மெதுவாகச் சுருதியை ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் வாத்தியம் உங்களோடு சேர்ந்து முனகும். பிடித்திருக்கும் கையில் அதிர்வு தெரியும். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

அந்தச் சுருதி டி தந்தியின் 147-க்கு மேலே இருப்பதில்தான் பாரிடோனின் சங்கடம் இருக்கிறது. காற்றின் ஒத்ததிர்வுக்குக் கீழே போனால் பலகை வெளியே தள்ளும்போது துளை உள்ளே இழுக்கிறது, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. டி தந்தியின் அடிச்சுரம் வெளியே வருவது குறைவு. செல்போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்தது. அதில் ஒலியின் நிறமாலையைத் திறந்துவைத்து டி தந்தியை மீட்டினால் 147-இல் எழும் கோட்டைவிட 294-இல் எழுவது உயரமாக இருப்பதைப் பார்க்கலாம். ஆனாலும் காது டி என்றே கேட்கிறது. 294, 441, 588 என்ற வரிசையின் இடைவெளியைப் பார்த்து, வராத 147-ஐ மூளை தானே போட்டுக்கொள்கிறது. செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் அப்பாவின் கட்டைக்குரல் அப்பாவின் குரலாகவே கேட்பதும் இப்படித்தான்.

எனவே பாரிடோனை மதிப்பிடும்போது டி தந்தியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மெட்டு மெட்டாக ஏறிப் பாருங்கள். ஒத்ததிர்வு இந்த நான்கில் எங்காவது விழும். நல்ல வாத்தியத்தில் அது பரவலாக இருக்கும், எந்தச் சுரமும் தனித்துத் துள்ளாது. மோசமானதில் ஒரு மெட்டு மட்டும் ‘பொம்’ என்று வீங்கி உடனே செத்துவிடும், பக்கத்து மெட்டு சோனியாக ஒலிக்கும். வாங்குவதா வேண்டாமா என்பதை எனக்கு வேறெதையும்விட அதிகம் சொல்வது இந்தச் சோதனைதான். மெட்டுக் குறையைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது.

ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நொடி எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு. நீண்டால் நல்லது என்று ஒரு நம்பிக்கை. விரல் தந்திக்குக் கொடுத்த ஆற்றல் ஒரு குறிப்பிட்ட அளவுதான். பலகை அதைச் சீக்கிரம் வாங்கிக் காற்றுக்குக் கொடுத்தால் ஒலி பெரிது, ஆயுள் குறைவு. மெல்ல வாங்கினால் ஒலி சிறிது, ஆயுள் அதிகம். பாஞ்சோ ஒரு கோடி, மின்கிட்டாரின் கட்டைப்பலகை இன்னொரு கோடி. பாட்டுக்குப் பக்கத்தில் தட்டி மீட்டுபவருக்கு முதலாவது வேண்டும், ஒவ்வொரு தந்தியாக விரலால் எடுப்பவருக்கு இரண்டாவது. நீண்டும் நிற்காமல் பெரிதாகவும் ஒலிக்காமல் இருந்தால் ஆற்றல் மரத்துக்குள்ளேயே சூடாகி வீணாகிறது. தடித்த பலகையும் அளவுக்கு மீறிய வார்னிஷும் செய்கிற வேலை அது.

இப்போது மரம். மேல்பலகைக்கு மரம் முக்கியம், மறுக்கவில்லை. இலேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும்; ஸ்புரூஸில் இந்த இரண்டும் சேர்ந்திருப்பதால் பிடில் முதல் பியானோ வரை அதை நாடுகிறார்கள். நம்மூர் பலாவுக்கு வீணையில் வேறு வேலை, வேறு நியாயம். ஆனால் பின்பலகையும் பக்கமும்? 2018இல் இங்கிலாந்தின் லான்கஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆறு கிட்டார்கள், எல்லாம் ஒரே கைவண்ணம், ஒரே அளவு, ஒரே வகை மேல்பலகை, பின்னும் பக்கமும் மட்டும் ஆறு வேறு மரம். மிக விலைகூடிய பிரேசில் ரோஸ்வுட், நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி, மஹோகனி, சப்பேலே, மேப்பிள், வால்நட். மங்கலான அறையில் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு 52 கிட்டார்க் கலைஞர்கள் வாசித்தார்கள். மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. எது எது என்று பிரித்தறியவும் பெரும்பாலும் முடியவில்லை. சோதனை நடந்தது கிட்டாரில், ஆறிலும் இருந்தது முழுமரம். ஒட்டுப்பலகையைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பின்பலகையின் பெயருக்காகக் கூடுதலாக ஐயாயிரம் ரூபாய் எடுத்துவைக்கும் முன் யோசிக்க அது போதும்.

கடலோரத்தில் யோசிக்க இன்னொரு காரணம் உண்டு. மழைக்காலத்தில் வாசல் கதவு இறுகிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். கதவின் உயரம் கூடவில்லை, அகலம்தான் கூடியிருக்கும். மரம் ஈரம் குடித்தால் நாரின் நீளவாக்கில் அநேகமாக அசையாது, குறுக்கேதான் ஊதும். வாத்தியத் தொழிற்சாலைகள் அறையின் ஈரப்பதத்தை 45 சதவீத அளவில் பிடித்துவைத்திருக்கும். அந்தக் காற்றில் மரத்துக்குள் இருக்கும் ஈரம் அதன் எடையில் 8 சதவீதம். திருவிடந்தையில் ஐப்பசி, கார்த்திகையில் 80 சதவீதம் சாதாரணம். அந்தக் காற்றில் சில வாரம் விட்டால் மரம் 15, 16 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் குறுக்கே 0.15 சதவீதம் ஊதும் என்று வைத்தால், 25 செ.மீ. அகலமுள்ள முழுமரப் பலகை இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை அகலக் கேட்கிறது. சுற்றிலும் பக்கப்பலகையில் ஒட்டியிருப்பதால் அதற்கு இடமில்லை. ஆகவே மேல்நோக்கி வீங்குகிறது. பிரிட்ஜ் 1 மி.மீ. எழும்பினால் பன்னிரண்டாவது மெட்டில் தந்தி அரை மி.மீ. உயரும். 2.5 முதல் 3 மி.மீ. வரை விரலுக்கு இதமான உயரம். மூன்றரைக்குப் போனால் கை வலிக்கும், சுருதியும் ஏறும். மே, ஜூனில் கடல்காற்று தாமதமாகிற நாட்களில் மேலைக்காற்று வறட்டியெடுக்கும்போது இதெல்லாம் திரும்பி இறங்கும். இரவில் ஏ.சி., பகலில் திறந்த ஜன்னல் என்றிருக்கும் வீட்டில் சின்ன அளவில் இந்த ஏற்ற இறக்கம் தினமும் நடக்கிறது.

இங்குள்ள வாத்தியக்காரர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. திருவிடந்தைக் கல்யாணங்களில் ஒலிக்கிற நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து தேடி எடுப்பார்கள். பல பத்தாண்டு காய்ந்த மரத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருட்கள் மெல்லச் சிதைந்துபோகின்றன. காற்று மாறினாலும் அது அவ்வளவாக அசையாது. நடுத்தர விலை உகுலேலேக்கு உத்தரம் தேடித் தர எந்தத் தொழிற்சாலையும் தயாரில்லை. அதற்குப் பதில் அவர்களிடம் இருப்பது லேமினேட்: மெல்லிய மூன்று தகடுகள், நடுத்தகட்டின் நார் குறுக்கே. ஒன்று ஊதப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒலியை அது கொஞ்சம் விழுங்கும் என்பது உண்மை. ஆனால் பின்னும் பக்கமும் ஒலிக்குச் செய்வது குறைவு என்றால் அங்கே லேமினேட் வைப்பதில் இழப்பும் குறைவு, லாபம் அதிகம்.

ஆக, திருவிடந்தையிலும் கடலோரத்தில் எங்கும், இந்த விலைக்கு நான் சொல்வது: மேல்பலகை மட்டும் முழுமரம், மற்றது லேமினேட். ஏ.சி. அறைக்கும் மொட்டைமாடிக்கும் மாறி மாறி எடுத்துப்போகிறவர் என்றால் முழுக்க லேமினேட். எல்லாப் பலகையும் முழுமரமான ‘ஆல் சாலிட்’ மலைக்காரர்களுக்கும், ஈரப்பதத்தை அளந்து பார்த்துக்கொள்ளும் பொறுமைசாலிகளுக்கும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை; செல்போன் டார்ச்சைத் துளையின் விளிம்பில் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் நார்க்கோடு வெட்டுமுகத்திலும் தொடர்ந்து இறங்கினால் முழுமரம். இடையில் வேறு நிறத்தில் அடுக்கு தெரிந்தால் லேமினேட்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் தந்திச் சுருளிலும் பிருடைகளின் பல்சக்கரத்திலும் படிந்து, இரவில் உப்புநீர்ப் படலமாக மாறி, உலோகத்தை அரிக்கத் தொடங்குகிறது. திறந்த பல்சக்கரத்தைவிட மூடிய பிருடை இங்கே மேல். மெட்டுகள் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை என்பதால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. கறுத்தால் துடைத்தால் போதும். டி தந்தியின் செம்புச் சுருள்தான் முதல் பலி. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அதன் ஆயுள் கூடும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டும்போது சாதாரண மரப்பசை இளகும். 20 கிலோ இழுவையில் பிரிட்ஜ் மெல்ல முன்னால் சாய்ந்து, பின்விளிம்பில் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி விழும். பழைய வாத்தியம் வாங்குகிறவர்கள் முதலில் அந்த விளிம்பில்தான் காகிதத்தைச் செருகிப் பார்க்க வேண்டும்.

வாங்கியபின் செலவழிக்கத் தகுந்தது இரண்டு. ஒன்று, மூடி இறுகும் உறையும் அதற்குள் போட ஒரு பை சிலிக்கா ஜெல்லும். நீலம் போய் இளஞ்சிவப்பானால் வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். இரண்டாவது, இன்னொரு சாடில். வாத்தியம் பழுதுபார்க்கிறவரிடம் முன்னதைவிட அரை மி.மீ., முக்கால் மி.மீ. தாழ்வாக ஒன்று அறுத்து வாங்கிவிடுங்கள். ஐப்பசியில் பலகை வீங்கித் தந்தி உயரும்போது இந்தத் தாழ்ந்த சாடிலைப் போட்டுக்கொண்டு, பங்குனியில் பழையதை மாட்டலாம். சாடில் ஒட்டப்படாமல் பள்ளத்தில் சும்மா நிற்கிறது. தந்திகளைத் தளர்த்தினால் விரலால் எடுத்துவிடலாம்.